கிண்கிணி வீட்டில் சிரிப்புக்குத் தடை

ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்றுக்குத் தடை இருக்கத்தான் செய்யும். சில வீட்டில் செருப்புக்கு, சில வீட்டில் நாய்க்கு, சில வீட்டில் மாமியாரின் தங்கைக்கு. ஆனால் சிரிப்புக்குத் தடை போட்ட வீடு உலகத்திலேயே ஒன்றுதான். அது மெத்தைக்காரர் வீடு. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. கீழே பஞ்சு பறக்கும். மேலே ஈ பறப்பதென்றால்கூட வாயை மூடிக்கொண்டுதான் பறக்கவேண்டும்.

தடைக்குக் காரணம் மெத்தைக்காரரின் மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன பெயர் எழுதினார்களோ, அது அவளுக்கே பாதி மறந்துவிட்டது. தெருவுக்கு அவள் கிண்கிணி. அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு. சின்ன வயதில் அவள் மாடியில் சிரித்தால், தெருக்கோடி வீட்டில் அழுதுகொண்டிருக்கும் கைக்குழந்தை அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுத் தானும் சிரிக்கும். ஒருமுறை பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார். இவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், பிடுங்கவேண்டிய பல் தானாகவே தெறித்து விழுந்தது. நம்பாதவர்கள் அந்தப் பல்லையே கேட்டுக்கொள்ளலாம்.

அவளுக்கு இருபது வயது ஆனபோது சித்தி மகளுக்குக் கல்யாணம். மணமக்களுக்கு மெத்தையும் தலையணையும் இவர்கள் கொடுப்பதாக ஏற்பாடு. கிண்கிணி இரண்டு இரவு கண்ணை மூடாமல் உறை தைத்தாள். கல்யாணத்தன்று சாப்பாட்டு மேசையில் மெத்தைக்காரர் ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். அந்தக் காலத்தில் அவர் புளுக ஆரம்பித்தால் கடிகாரமே நின்று கேட்கும். அன்றைக்கு அவர் சொன்னது, மெத்தை வாங்க வந்த யானையின் கதை.

"படுத்துப் பாத்துட்டு, 'மெத்தை நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்குத் தும்பிக்கைக்குத் தனியா ஒரு தலையணை வேணும், அதுவும் நீளமா வேணும்'னு கேக்குது! நான் அளவெடுக்க டேப்பை நீட்டினா, அதை வேற கொடின்னு நெனச்சு மென்னுடுச்சு!"

கிண்கிணி சிரித்தாள். சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினாள். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைதான் தள்ளிவிட்டது என்று குடும்பம் தீர்ப்பு எழுதிவிட்டது. தூங்காத இரவுகளைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. நரம்பு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் சாப்பிடவேண்டும், நன்றாகத் தூங்கவேண்டும் என்றெல்லாம் விளக்கமாகச் சொன்னார். கதவருகே வரும்போது, "ரொம்ப உணர்ச்சிவசப்படாம பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தையை உதிர்த்தார். அவர் சொன்ன அத்தனையிலும் வீடு வந்து சேர்ந்தது அந்த உதிரி வார்த்தை மட்டும்தான்.

அம்மா அன்றே சட்டம் போட்டாள். சிரிப்பு கூடாது, அழுகை கூடாது, கோபம் கூடாது. மெத்தைக்காரர் தம் புளுகு மூட்டையை இறுக்கிக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து வானிலையை மட்டும் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை வாசலிலேயே மடக்கி விசாரித்தார்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க? துக்க சேதியா, சந்தோஷ சேதியா?"

"சந்தோஷந்தான் மச்சான். பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு!"

"அப்ப இங்கயே சொல்லிட்டுப் போயிடுங்க. உள்ள கொண்டு போகாதீங்க."

தலையணைக்குப் பஞ்சமில்லாத வீடல்லவா! அறைக்கு நான்காகத் தலையணைகள் தயாராக இருந்தன. கிண்கிணியின் உதடு கொஞ்சம் கோணினால் போதும், நாலு திசையிலிருந்தும் தலையணைகள் பாய்ந்து வரும். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் தும்மல் வருவதற்காக அவள் மூக்கைச் சுளித்தாள். தும்மல் முடிவதற்குள் படுக்கவைத்துவிட்டார்கள்.

வீட்டில் யாரும் அவளோடு மறுத்துப் பேசுவதும் கிடையாது. கேரம் விளையாடினால் அண்ணன் தன் காயை விட்டுவிட்டு அவள் காயைக் குழியில் தள்ளிக் கொடுப்பான். "இன்னிக்கு வியாழக்கிழமைதானே?" என்று கேட்டால், அது சனிக்கிழமையாக இருந்தாலும், "ஆமாம்மா, வியாழன்தான்" என்பார்கள். பட்டறையில் இயந்திரத்தின் பக்கம் அவளை விடுவதில்லை. அது நியாயம். பஞ்சு அடைத்த தலையணைகளின் வாயைக் கையால் தைத்து மூடுவது அவள் வேலை. அவள் தலையணைகளின் வாயைத் தைத்தாள். வீட்டார் அவள் வாயைத் தைத்தார்கள்.

வலிப்பு அதற்குப் பிறகும் எப்போதாவது வந்துகொண்டுதான் இருந்தது. ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வயிற்றில் ஒரு ஜிலீர் எழும்புமே, அப்படி எழும்பும். அப்புறம் ஒன்றும் தெரியாது. விழிக்கும்போது உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல இருக்கும். உடம்பு வலி மறுநாள் போய்விடும். மனசு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது. மழையில் நனைந்த மெத்தையைத் தோளில் சுமக்கிறதுபோல இரண்டு மூன்று நாள் கனக்கும். போதாக்குறைக்கு, ஊசியில் நூல் அறுந்தால்கூட உலகத்தையே கிழித்துப்போடவேண்டும் என்று ஒரு எரிச்சல் வரும். எல்லாம் அடங்கிய பிறகும் அடுத்தது எப்போது வரும், எங்கே வரும், யார் முன்னால் வரும் என்று காது ஒரு பக்கம் விறைத்துக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? "எனக்கு அழுகை அழுகையா வருது" என்று சொன்னால் தலையணைதான் வரும். தன் குணமே கெட்டுப்போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஏழு வருடம் இப்படியே ஓடியது. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அண்ணி வாழ வந்தாள்.

அண்ணிக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அவள் "உள்ளே போ" என்றால் பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நடைபாதையில் நிற்பவர்களும் பக்கத்துக் கடைக்குள் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை. நாள் முழுக்க ஊரை ஏற்றி இறக்குகிறவளிடம் கதைக்கா பஞ்சம்? ஆனால் கிண்கிணியின் வலிப்பைப் பற்றி யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை. "சொன்னா கல்யாணமே நின்னுடும்டா" என்று அம்மா சொன்னாள். அண்ணனும் வாயை மூடிக்கொண்டான்.

வந்த முதல் நாள் சாப்பாட்டின்போதே அண்ணி ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒருத்தர் இத்தாம்பெரிய நிலைக்கண்ணாடியோட பஸ்ல ஏறிட்டாரு, மாமா. பின்னாடியே ஒரு பெரியவர் ஏறினாரு. கண்ணாடியைப் பாத்து, 'கொஞ்சம் தள்ளி நில்லுப்பா'ங்கறாரு. அது தள்ளுமா? இறங்கற வரைக்கும் அதோட ஒரே சண்டை. இறங்கும்போது எங்கிட்ட, 'பாத்தியாம்மா, அந்த ஆளும் என்னை மாதிரியே வயசானவன்தான், அவனுக்குமா புத்தியில்ல?'ங்கறாரு!"

சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"நாளைக்கு மழை வரும்போல" என்றார் மெத்தைக்காரர்.

"சாப்பிடும்மா, ஆறிடும்" என்றாள் அம்மா.

அண்ணன் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கிண்கிணி சட்டென்று எழுந்தாள். தலையணைகள் அடுக்கியிருக்கும் உள்ளறைக்குள் ஓடிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு தலையணையில் முகத்தைப் புதைத்து, அதன் மூலையைப் பல்லால் கவ்விக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எத்தனையோ நாளாகப் பூட்டியிருந்த சிரிப்பு. இது வெளியே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்திய சத்தம் மட்டும்தான் கேட்டது.

அண்ணி லேசில் விடுகிறவள் இல்லை. மறுநாள் கோழிக்கு அரை டிக்கெட் கேட்டவர் கதை. அதற்கடுத்து, தூங்கி வழிந்து பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்து, கடைசியில் அவர் வீட்டுக்கே போய்விட்டவர் கதை. ஒவ்வொரு கதைக்கும் மாமாவிடமிருந்து மழை, அத்தையிடமிருந்து "சாப்பிடு", நாத்தனாரிடமிருந்து படார் கதவு. அண்ணியின் தொண்டை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. கிண்கிணிக்கோ, சாயங்காலம் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டால்தான் நனைந்த மெத்தை கொஞ்சம் உலர்ந்ததுபோல இருந்தது.

ஒரு மத்தியானம் எல்லாரும் கீழே பட்டறையில் இருந்தார்கள். கிண்கிணி நூல்கண்டு எடுக்க மாடிக்கு வந்தாள். அண்ணி பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல, மூலை விடாமல், ஆத்திரத்தோடு.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

"எங்க வீட்டுக்கு."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"இந்த வீட்ல யாராவது ஒருத்தர் ஒரு பல்லைக் காட்டினா வரேன்" என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது. "ரெண்டு ஸ்டாப் வர்றவங்ககூட என்னைப் பாத்து சிரிச்சுட்டு இறங்கறாங்க. இங்க நான் வாயைத் தொறந்தா மழை வருது. நீயாவது வயசுப் பொண்ணு, ஒட்டுவேன்னு பாத்தேன். நீ எந்திரிச்சுப் போய் கதவைச் சாத்திக்கற. பஸ்ல டிக்கெட் கிழிக்கறவன்னு அவ்வளவு இளக்காரமா?"

கிண்கிணி கதவை மறித்து நின்றாள். சொன்னால் அண்ணி பயந்து போய்விடலாம். சொல்லாவிட்டால் நிச்சயம் போய்விடுவாள், அதுவும் தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்ற நினைப்போடு. அவள் அண்ணியின் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்துப் போனாள். அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு மூலை நைந்து, பல்தடத்தோடு பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"எலியா?" என்றாள் அண்ணி.

"நான்தான். இது உங்க நிலைக்கண்ணாடி. இது அந்தத் தூங்குமூஞ்சி. இது கோழி."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. கிண்கிணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வலிப்பு இருக்கு, அண்ணி. சிரிச்சா வந்துடும்னு வீட்ல யாரையும் சிரிக்க விடமாட்டாங்க. உங்ககிட்ட சொன்னா ஓடிடுவீங்கன்னு மறைச்சுட்டாங்க. உங்க கதையைக் கேட்டுட்டு இங்க வந்து இதைக் கடிச்சுக்கிட்டு சிரிப்பேன்."

கிண்கிணி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அண்ணி கோழித் தலையணையைக் கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஓடிடுவேனா? நான் என்ன பிரேக் இல்லாத பஸ்ஸா? இருக்கட்டும், உங்கண்ணனை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப கோழிதான் ரொம்ப நல்லா இருந்துச்சா? இதைத்தான் தையல் வரைக்கும் தின்னிருக்கே" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். கிண்கிணி கலீரென்று வெடித்தாள். அதைக் கேட்டு அண்ணி வெடித்தாள். ஒருத்தியை நிறுத்த ஒருத்தி வாயைப் பொத்தப் போய், இரண்டு பேரும் தலையணைக் குவியலில் விழுந்து புரண்டார்கள். கீழே பஞ்சடிக்கும் இயந்திரம் நின்றது. படிக்கட்டு இடிபடும் சத்தம் கேட்டது. கையில் இரண்டு, கக்கத்தில் இரண்டு என்று தலையணைகளோடு மெத்தைக்காரர் உள்ளே பாய்ந்தார். மகளை ஒருக்களித்துப் போட்டார். அடுத்த மூச்சில் மருமகளையும் ஒருக்களித்துப் போட்டார்.

"மாமா, எனக்கு வலிப்பு இல்ல, சிரிப்பு!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா! பேசாம ஒருக்களிச்சுப் படு!"

சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. வலிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். விக்கல்தான் வந்தது. பஸ் வராத நிறுத்தத்தில் நின்றவர்களைப்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி எழுந்து முடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போகும்போது நானும் வரேன். ஆனா இந்த வீட்ல இருக்கறதா வேணாமான்னு இன்னும் நான் முடிவு பண்ணல. எங்கிட்ட மறைச்சது மறைச்சதுதான்" என்று சொல்லிவிட்டு, கட்டிய பையைக் கட்டியபடியே கட்டிலுக்கடியில் தள்ளினாள். கிண்கிணிக்கு விக்கல் நின்றுபோயிற்று. வலிப்பென்று காதால் கேட்டதற்கே இப்படி. கண்ணால் பார்த்தால்?

மருத்துவமனையில் இப்போது ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அம்மா சட்டங்களையெல்லாம் பெருமையாக ஒப்பித்தாள். மருத்துவர் முதல் வலிப்பு வந்த கதையைக் கிண்கிணியிடம் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சிரிச்சதால வரலைம்மா. அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பொண்ணு ரெண்டு ராத்திரி தூங்காம இருந்திருக்கா, அதைக் கவனிங்க." பிறகு கிண்கிணியைப் பார்த்து, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

ஏழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கிண்கிணி வாயைத் திறந்தாள், வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்தது. அம்மா கைப்பையைத் திறந்து ஒரு குட்டித் தலையணையை எடுத்தாள்.

"அழட்டும்மா, அதை உள்ள வைங்க" என்றார் மருத்துவர்.

நனைந்த மெத்தையைப் பற்றி, எரிச்சலைப் பற்றி, விறைத்துக்கொண்டிருக்கும் காதைப் பற்றி எல்லாவற்றையும் கிண்கிணி சொல்லி முடித்தாள். "என் குணமே கெட்டுப்போச்சு, டாக்டர்."

"குணம் கெடல. வலிப்பு வர்றது மூளையில. மனசும் அங்கதான் குடியிருக்கு. பக்கத்து வீட்ல இடி விழுந்தா உங்க வீட்டுப் பாத்திரம் உருளாதா? நீங்க சாப்பிடற மாத்திரையும் சில பேருக்கு எரிச்சலைக் கிளப்பும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாக்கலாம். நீங்களா நிறுத்திடக் கூடாது, நிறுத்தினா வலிப்பு ஜாஸ்தியாகும். இந்த மனபாரத்துக்குன்னே பேசி வைத்தியம் பாக்கறவங்க மேல் மாடியில இருக்காங்க, வாராவாரம் போய்ப் பேசுங்க. வலிப்பு இருக்கற நிறைய பேருக்கு இது உண்டு. யாரும் கேக்கறதில்ல, இவங்களும் சொல்றதில்ல."

"எனக்கு முன்னாடி வந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் அண்ணி. மருத்துவர் சொல்லச் சொல்ல, ஸ்டாப்புகளின் பெயரை மனப்பாடம் செய்வதுபோல விரல்விட்டு முணுமுணுத்துக்கொண்டாள். கூரான சாமான்களை நகர்த்து. ஒருக்களித்துப் போடு. வாயில் எதையும் திணிக்காதே. கடிகாரத்தைப் பார். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். விழிக்கிறவரை கூடவே இரு.

மாத்திரை மாறிக்கொண்டிருந்த நாட்களில், தையல் இயந்திரம் விற்கிற ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவரைப்போல அறுக்கத் தெரிந்தவர் பூமியில் கிடையாது. எண்ணெய் விடும் துளைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். சுவர்ப்பல்லி கொட்டாவி விட்டுக் கீழே விழுந்தது. மின்விசிறி வேகம் குறைந்தது. அவர் நான்காவது துளைக்கு வந்தபோது, ஊஞ்சல் உச்சிக்குப் போகும் அந்த ஜிலீர் கிண்கிணியின் வயிற்றில் எழும்பியது. எதிரே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். ஐயோ, இவள் முன்னாலா என்று நினைத்ததுதான் அவளுக்குத் தெரியும்.

விழித்தபோது மாடியில் கட்டிலில் கிடந்தாள். கூட அண்ணன் மட்டும் இருந்தான். நனைந்த மெத்தை தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. அண்ணி இல்லை. பார்த்துவிட்டாள், போய்விட்டாள். கிண்கிணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது கீழேயிருந்து அந்தத் தொண்டை கிளம்பியது.

"உங்களாலதான்யா வந்துச்சு! இந்த வீட்ல சிரிச்சு ஒருநாள்கூட வரல, உங்க எண்ணெய்த் துளையைக் கேட்டு வந்துடுச்சு! மாமா, இனிமே இவரைப் படியேற விடாதீங்க!"

விற்பனைக்காரர் ஓடிய ஓட்டத்தில் இயந்திரத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணி மேலே வந்து, அண்ணனைக் கண்ணாலேயே வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டீங்கல்ல" என்றாள் கிண்கிணி, சுவரைப் பார்த்தபடியே. "பைதான் கட்டி வச்சிருக்கீங்களே, கிளம்புங்க."

"ஏன், நான் போனா என் தலையணையையும் சேத்துத் திங்கலாம்னு பாக்கறியா?"

"விளையாடாதீங்க! இன்னிக்கு எனக்கு சிரிப்பு வராது!"

"யாருடி உன்னை சிரிக்கச் சொன்னா? நீ உம்முனு இரு. நான் பாட்டுக்கு இங்க உக்காந்திருப்பேன். ஆனா என்னைப் போங்கறதுக்கு நீ யாரு?"

கிண்கிணி எழுந்து உட்கார்ந்தாள். வருடக்கணக்காக யாரும் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என் வீடு!"

"எனக்கும்தான் வீடு!"

"என் சீப்பை எடுக்கறீங்க, முடியை அதுலயே விட்டுட்டுப் போறீங்க!"

"நீ மட்டும் யோக்கியமா? பாதி டீயை மிச்சம் வச்சு ஊரெறும்புக்கெல்லாம் விருந்து வைக்கற!"

"கோழி ஜோக்கை மூணு தடவை சொல்லிட்டீங்க!"

"மூணு தடவையும் நீதானே தலையணையைத் தின்னே!"

சத்தம் ஜன்னலைத் தாண்டியது. படிக்கட்டில் அம்மா தலையணையோடு ஏறி வந்தாள். மெத்தைக்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலில் தெருவே கூடிவிட்டது. அவர் வெளியே போய்த் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பட்டம் கிடைத்ததுபோல நின்றார்.

"என்ன மெத்தைக்காரரே, உள்ள என்ன சத்தம்?"

"சண்டை! நாத்தனாரும் அண்ணியும்! எங்க வீட்லதான்!" என்றார். "நேத்து இதைவிடப் பெருசா ஒண்ணு நடந்துச்சு. சத்தத்துல மேல போன ஏரோப்ளேன் வழி தப்பி நம்ம மொட்டை மாடியில இறங்கி, பைலட் தண்ணி கேட்டாருன்னா பாத்துக்குங்க…"

மேலே கிண்கிணிக்கு மூச்சு வாங்கியது. கனம் போய்விடவில்லை. நாளைக்கும் கொஞ்சம் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"என்ன, தோத்துட்டியா?" என்றாள் அண்ணி, போர்வையை அவள் மேல் இழுத்துவிட்டபடி.

"தூக்கம் வருது. இன்னும் டீ டம்ளரைப் பத்தி நான் பதில் சொல்லல."

"தூங்கு, தூங்கு. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். மிச்ச சண்டையை சாயங்காலம் வந்து வச்சுக்கலாம்."